பின்பக்கத்தைக் காட்டு

அப்பா கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். புதுச் சட்டை என்றால் தையல், செருப்பு என்றால் அடி. தொழில் அப்படி. கோலாலம்பூரில் இன்று கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரங்கள் இருக்கும் இடம் அப்போது குதிரைப் பந்தயத் திடல். அந்த ஜாலான் அம்பாங் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸாகச் சேர்ந்தார். 1993-ல் திடல் சுங்கை பெசிக்குப் போனது, குதிரைகளோடு அவரும் போனார்.

எனக்கு மூன்று மாதமாக ஒரு புதுப் பைத்தியம். இங்கிலாந்தில் பொழுதுபோக்குக்காக மெட்டல் டிடெக்டரோடு வயல்வெளியில் நடப்பவர்கள் எடுத்த பொருள்களின் படங்களை இரவெல்லாம் பார்க்கிறேன். 1997 முதல் இதற்கென்றே ஒரு பதிவுத் திட்டம் நடக்கிறது. 15 லட்சத்துக்கும் மேல் பொருள்கள் ஏறிவிட்டன. பழைய தங்கம், வெள்ளி என்றால் சட்டப்படி அறிவிக்க வேண்டும். பொன்முலாம் பூசிய வெண்கலத் துண்டு பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் வராது. இருந்தும் மனம் வைத்துக் கொண்டுவந்து பதிகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தவை ஆயிரம், ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய குதிரை அலங்காரத் தகடுகள். கடிவாள வாரில் பதிப்பது.

போன ஞாயிறு சாப்பாடு முடிந்து அப்பாவிடம் அப்படி ஒரு தகட்டின் படத்தைக் காட்டினேன். ஐம்பது சென் காசைவிடக் கொஞ்சம் பெரியது. பார்த்ததும் சிக்குக் கோலம் என்றுதான் தோன்றும். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு விரலை ஓட்டினால் அது வளைந்து, இன்னொன்றின் அடியில் நுழைந்து, திடீரென்று ஒரு கண்ணில் போய் முடிகிறது. கண்ணுக்குக் கீழே தாடை. அந்தத் தாடை தன் முதுகையே கடித்துக்கொண்டிருக்கிறது! கோடுகளைச் சரிவுச் சரிவாக வார்த்திருப்பதால் குதிரை தலையை ஆட்டினாலே பளபளத்திருக்கும். தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்களாம். மேடெல்லாம் தேய்ந்து பழுப்பாகி, பள்ளத்தில் மட்டும் பொன் ஒட்டியிருந்தது.

அப்பா இதையெல்லாம் ரசிக்கவே இல்லை. "பின்பக்கத்தைக் காட்டும்மா" என்றார்.

நல்லவேளை, பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். சொரசொரவென்று இருந்தது, ஒரு வேலைப்பாடும் இல்லை. ஓரத்தில் இரண்டு ஆணி முளைகள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். "ஆணி எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. அதுதான் தோலோட கனம். இது ஒத்தைத் தோல் இல்ல, ரெண்டு தோல் வச்சுத் தைச்ச வாரு." தோல் மண்ணோடு மண்ணாகி ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. இவர் அதன் கனத்தைச் சொல்கிறார்.

அப்புறம் இங்கிலாந்தில் இருக்கும் சட்டன் ஹூ என்ற பழைய புதைமேட்டின் கதையைச் சொன்னேன். 1939-ல் கப்பல் புதையல் கிடைத்த அதே மேட்டு நிலம். 1991-ல் 17-ஆம் மேட்டைத் தோண்டியபோது ஒரே மேட்டுக்கு அடியில் இரண்டு குழிகள். ஒன்றில் ஓர் இளைஞன், வாளோடும் சீப்போடும். பக்கத்துக் குழியில் அவன் குதிரை. பொன்முலாம் தகடுகள் பதித்த கடிவாளத்தைக் குதிரைக்கு மாட்டவில்லை, அவன் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். குதிரை 14 கை உயரம் இருக்கும் என்றதும் அப்பா நிமிர்ந்தார். ஒரு கை என்பது நான்கு அங்குலம்; லாயத்துக் கணக்கு அவருக்கு மனப்பாடம். "குட்டையா இருக்கே. நம்ம பந்தயக் குதிரை பதினாறு இருக்கும்" என்றார், ஏதோ தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

இன்னொரு விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அயர்லாந்துப் பக்கத்துக் குதிரைத் தகடுகள் நார்வேயில் பெண்களின் கல்லறைகளில் கிடைக்கின்றன. கடல் கடந்து வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய், பின்னால் ஓர் ஊசியைப் பொருத்தி ப்ரூச்சாகக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் நகை என்றுதான் நினைப்போம். திருப்பினால்தான் பழைய ஆணியும் புது ஊசியும் சேர்ந்து தெரியும். "அதான் சொன்னேன்" என்றார் அப்பா. எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வட்டாரக் கோயிலில் மதுரை வீரனின் சிமெண்டுக் குதிரை இருக்கிறது. வயிற்றுப் பட்டையே இல்லாமல் சேணம் நிற்கிறது என்று அப்பா பல வருடமாகக் குறை சொல்கிறார், யாரும் கேட்பதில்லை. அன்று அதே கண்ணோடு ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டார். பழங்காலக் குதிரைக்கு அலங்காரம் மாட்டியது போல யாரோ கற்பனையாக வரைந்தது. "தொண்டைப் பட்டையோட பக்கிள் வலது பக்கம் இருக்கு. மாட்டுறவன் இடது பக்கமாத்தானே நிப்பான்? எழுதிப் போடு அவங்களுக்கு" என்றார்.

எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. தினமும் சாயங்காலம் பதில் வந்ததா என்று கேட்கிறார்.