நெஞ்சுக்கறி வாங்கப் போனால் முதலில் கோழியைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் கோழிக்கறிக் கடைகளுக்குக் குறைவே இல்லை. பிராய்லர் கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற பல்லடம் பக்கத்திலேயே இருப்பதால், காலையில் பண்ணையிலிருந்து கிளம்பிய கோழி சில மணி நேரத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு வசதி இருந்தும், எடையைக் குறைக்கவோ கொழுப்பைக் கட்டுப்படுத்தவோ நெஞ்சுக்கறிக்கு மாறிய நண்பர்கள் பலர், "ஒரு கிலோ போன்லெஸ் போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் மூழ்கிவிடுகிறார்கள். போன்லெஸ் என்று மட்டும் கேட்டால், தொடைக்கறியும் சேர்ந்து வந்துவிடக்கூடும். அது எப்போது அறுத்த கோழி, எவ்வளவு எடையுள்ள கோழி என்பதும் தெரியாமலே போகிறது.

நெஞ்சுக்கறியின் மேல் உள்ள மதிப்பு நியாயமானதுதான் என்றாலும், தொடைக்கறிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பலர் எண்ணுமளவுக்குப் பெரிதன்று. தோல் நீக்கிய பச்சை நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் இரண்டரை கிராம் கொழுப்பும் இருக்கின்றன. தோல் நீக்கிய தொடைக்கறியில் புரதம் 20 கிராமுக்கு ஒட்டியும் கொழுப்பு 4 கிராம் அளவிலும் இருக்கும். ஆனால் அதே நெஞ்சுக்கறியைத் தோலோடு எடுத்தால் கொழுப்பு 9 கிராமைத் தொட்டுவிடுகிறது. ஆகவே முதல் முடிவு தோலைப் பற்றியதாக இருக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி சொல்லப்படும் 31 கிராம் புரதம் என்ற கணக்கு வெந்த கறிக்கு உரியது. வேகும்போது நீர் வெளியேறி எடை குறைவதால் அந்த எண் கூடுகிறது. கடைத் தராசில் நிறுத்த பச்சைக்கறிக்கு அதைப் போட்டுப் பார்ப்பது தவறான கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவுப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம்தான். பருப்பும் தயிரும் முட்டையும் உண்ணும் வீட்டில் தட்டு நிறைய நெஞ்சுக்கறி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

பெரிய, தடித்த துண்டாக இருந்தால் நல்ல கறி என்று நினைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத விஷயம். இன்றைய பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட இனம். அந்த வேகமான வளர்ச்சியின் பெரும்பகுதி நெஞ்சுத் தசையில்தான் போய்ச் சேர்கிறது. தசை தாங்க முடியாத வேகத்தில் பெருக்கும்போது நார்கள் சிதைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் வந்து உட்காருகின்றன. இதைக் கண்ணாலேயே காணலாம். தோலை உரித்து நெஞ்சுக்கறியைப் பலகையில் வைத்ததும், கழுத்துப் பக்கம் தடித்திருக்கும் முனையில் நார் ஓடும் திசையிலேயே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது கொழுப்பு. சில துண்டுகளில் அதே முனை விரலால் அழுத்தினாலும் அமுங்காமல் கட்டைபோல் விறைத்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் அது வாயில் ரப்பராகத்தான் இருக்கும். இவற்றைச் சாப்பிட்டால் கெடுதல் என்று சொல்லவில்லை. கொழுப்பைக் குறைக்கத்தானே இந்தக் கறிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம்? இந்தக் கோளாறுகள் எடை மிகுந்த கோழிகளில்தான் அதிகம் தென்படுகின்றன என்பதால், இரண்டு கிலோவுக்கு உட்பட்ட கோழியையே காட்டிக் கேட்பது என் வழக்கம்.

முழுக் கோழியாக வாங்குவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. உயிர் எடை இரண்டு கிலோ உள்ள கோழியிலிருந்து எலும்பில்லாத நெஞ்சுக்கறி ஏறத்தாழ 400 கிராம் கிடைக்கும்; அதைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னால், காலும் தொடையும் குழம்புக்கு, நெஞ்செலும்பும் கழுத்தும் மிளகுத் தண்ணிக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் பங்கு கிடைத்துவிடும். கடைக்காரருக்கு இது கூடுதல் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் கேட்காமல், வார நாளில் போவது நல்லது. ஞாயிறன்று பலகையில் முன்கூட்டியே வெட்டிக் குவித்திருப்பதிலிருந்துதான் அள்ளிப் போடுவார்கள். புரட்டாசியில் பலர் கறியை விட்டுவிடுவதால் விலை இறங்குவதும், அப்போது கடைக்காரருக்கு நின்று பேச நேரம் இருப்பதும் விரதம் இல்லாதவர்களுக்கு வசதி.

கண்ணெதிரே அறுத்து வாங்க முடியாதவர்கள் உறைய வைத்த பாக்கெட்டை நாடுவதில் தவறில்லை. ஆனால் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். கோழிக்கறியில் இயல்பாக உள்ள சோடியம் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பாக்கெட்டில் 300, 400 என்று போட்டிருந்தால், உப்புநீரோ, கறியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்போ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம், இரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்பும் வேண்டாமலே வந்துசேர்கிறது. பாக்கெட்டுக்குள் இளஞ்சிவப்புப் பனிக்கட்டி கெட்டியாக உறைந்திருந்தால், இடையில் உருகி மீண்டும் உறைந்ததாகவே கொள்ளலாம். அதைத் திருப்பி வைத்துவிடுவேன்.

கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை. கோழியின் வேகமான வளர்ச்சி இனத்தேர்வாலும் தீவனத்தாலும் வருவது. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பயன்பாட்டைப் பற்றி. 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்த வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது, 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019இல் மத்திய அரசு தடை செய்தது. வாங்குபவர் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் அல்ல இது.

வீட்டுக்கு வந்த கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தெறிக்கும் நீரோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பாத்திரத் தொட்டியிலும் பக்கத்தில் உள்ள கீரையிலும் போய் ஒட்டிக்கொள்ளும். கழுவியே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் நின்றால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அதற்குள் வைத்து அலசலாம். ஒருநாள் இரண்டுநாளில் சமைப்பதை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, மீதியை ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி உறைய வைத்தால் சீக்கிரம் உருகும். சமைக்கும் முந்தைய இரவே அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் தயிரும் மஞ்சளும் மிளகும் பிசிறி, நாருக்குக் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் சுட்டெடுத்துவிடலாம்.