பெங்களூரின் பழைய பார்கள்

நேற்று இந்திராநகர் 100 அடி சாலையில் நடந்தபோது, எப்போதும் போகிற அந்தச் சின்ன பார் இருந்த இடத்தில் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். உள்ளே வெல்டிங் சத்தம். சொந்தமாக பியர் காய்ச்சி விற்கும் இன்னொரு மைக்ரோ ப்ரூவரி வருகிறதாம்.

புதியவை மேல் எனக்குக் கோபம் இல்லை. டாய்ட் என்ற மைக்ரோ ப்ரூவரி வந்த புதிதில், கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் தொட்டிகளில் அங்கேயே பியர் காய்ச்சுவதை ஆசையாகப் பார்த்தவன் நான். கோதுமை பியரின் வாழைப்பழ வாசனை ஈஸ்ட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டதும் அப்படி ஓர் இடத்தில்தான். பெண்கள் தோழிகளோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசுவதை அங்கேதான் நிறையப் பார்க்கிறேன். பழைய பார்களில் அது அரிது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் காக்பர்ன் ரோட்டில் 1933 முதல் இருந்த டீவர்ஸ் பார் போய்விட்டது. அந்தப் பிரம்பு நாற்காலிகளை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் 1989இல் வந்த பீக்கோஸ் பப் மாதிரி சில இடங்களே மிச்சம்.

நான் போன அந்தச் சின்ன பாரில் ஆட்டோ ஓட்டுபவரும் வங்கி அதிகாரியும் ஒரே மேசையில் கடலை மசாலா சாப்பிடுவார்கள். நான் நுழைந்ததும் சர்வர் அண்ணன் தமிழில் "வாங்க சார், மழையா?" என்பார். புது இடத்தில் ஒரு கிளாஸ் விலைக்கு அங்கே இரண்டு பேர் வயிறார சாப்பிட்டே வரலாம்.

அந்த அண்ணன் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.