மினி-மேக்ஸ்: விலாச் சட்டங்கள் முடிந்தன

நானே கட்டிவரும் மினி-மேக்ஸ் என்ற சிறு விமானத்தின் இரண்டு இறக்கைகளுக்குமான விலாச் சட்டங்கள், அதாவது இறக்கைக்கு வளைவு வடிவம் தரும் சட்டங்கள், முடிந்து சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே குறித்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் இந்த விமானம் பிறந்ததே ஓர் எடைக் கணக்கில்தான்.

1975இல் ஜான் மூடி என்ற அமெரிக்கர் ஹேங் கிளைடரில் (ஆள் தொங்கியபடி பறக்கும் எஞ்சினில்லா இறக்கை) சிறு எஞ்சினைப் பூட்டி, காலால் ஓடியே மேலெழும்பிக் காட்டினார். பிறகு ஆளாளுக்குக் குழாயும் துணியுமாகப் பறக்கக் கிளம்ப, 1982இல் அமெரிக்க அரசு 'பகுதி 103' விதியைக் கொண்டுவந்தது. ஒரே இருக்கை, வெற்று எடை 254 பவுண்டுக்குள் (சுமார் 115 கிலோ), எரிபொருள் 5 காலன், அதிகபட்ச வேகம் 55 நாட் (மணிக்கு சுமார் 102 கி.மீ.). இதற்குள் அடங்கினால் விமானி உரிமமே தேவையில்லை. அலுமினியக் குழாய்கள் கொடிகட்டிப் பறந்த அந்தக் காலத்தில் வெய்ன் ஐசன் மரத்தைக் கையில் எடுத்தார். அவர் வடிவமைத்த மினி-மேக்ஸ் 1984இல் பறந்தது. உடல், வால், இறக்கை எல்லாம் மரம், மேலே துணி. துணிச்சலான முடிவு என்றே சொல்வேன்.

அந்த முடிவின் அருமை, விலாச் சட்டங்களை ஒரே வடிவில் ஒட்டியெடுக்கும் அச்சான ஜிக்கில்தான் தெரிகிறது. பலகையில் வரைபடம், அதன் மேல் பசை ஒட்டாதிருக்க பாலித்தீன் தாள், வளைவைச் சுற்றி மரக்கட்டைகள். ஸ்ப்ரூஸ் என்ற லேசான மரத்தின் குச்சியை அவற்றுக்கிடையே அழுத்தினால் மேல்வளைவு தானே அமைகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் மெல்லிய பிளைவுட் துண்டு, எபாக்சி பசை, அது காயும் வரை பிடித்துக்கொள்ள சிறு ஆணி. பிதுங்கும் பசையை உடனே துடைத்துவிட வேண்டும், அதுவும் எடைதான்! கலக்கும் ஒவ்வொரு முறையும் மீந்த பசையில் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, காய்ந்தபின் உடைத்துப் பார்க்கிறேன். மரம் நார்நாராகக் கிழிகிறது, ஒட்டிய இடம் அசையவில்லை. வேறென்ன வேண்டும்?

எஞ்சின்தான் இன்னும் முடிவாகவில்லை. இந்த விமானத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒற்றை சிலிண்டர் ரோடாக்ஸ் 277 எஞ்சின் உற்பத்தியில் இல்லை. பழையதைத்தான் தேட வேண்டும். அதே நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் 447 பூட்டலாம், சக்தியும் கூடும். கூடவே எடையும் ஏறும். பசையைத் துடைத்துத் துடைத்து மிச்சப்படுத்தியதை மூக்கில் கொண்டுபோய்க் கொட்டுவானேன்? அடுத்த வேலை ஸ்பார், அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் முதன்மை உத்தரம். அதற்கு நார் சாயாமல் நேராக ஓடும் பலகைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.