டிக்கெட் இல்லாத மேட்ச், ஒடைஞ்ச பேட்: கேப் காட்ல ரெண்டு சாயங்காலம்

கேப் காட் போனது என்னவோ பீச்சுக்குத்தான். மாமனார் கும்பகோணத்துலேர்ந்து விசிட்டர் விசால வந்திருந்தார், பாஸ்டன் பக்கத்துல நாங்க இருக்கற ஊர்ல அவர் பாக்கறதுக்குன்னு கோயில், லைப்ரரி, காஸ்ட்கோ, அவ்ளோதான். சரி கடலாவது காட்டுவோம்னு ஜூலைல ஒரு சனிக்கிழமை கெளம்பினோம். கெளம்பினது லேட்டு. மேப்ல பாத்தா கேப் காட் மடக்கின கை மாதிரி அட்லாண்டிக்ல நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு முன்னாடி குறுக்க ஒரு கால்வாய், கார் போக ரெண்டே பாலம், ரெண்டும் 1935-ல தெறந்தது. அன்னிக்கு மாசசூசெட்ஸ் மொத்தமும் அதுல ஒண்ணான சாகமோர் பாலத்துலதான் நின்னுச்சு.

பொண்ணு சாஃப்ட்பால் வெளாடறா, அவ கோச் "கேப் போனா காலேஜ் பசங்க பேஸ்பால் பாக்காம வந்துடாத"ன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. அதனால பீச்ல ரெண்டு மணி நேரம் கால நனைச்சிட்டு கொடூயிட்ங்கற குட்டி ஊருக்கு வண்டிய விட்டோம். லோவெல் பார்க்னு கிரவுண்ட் பேரு, சுத்தி பைன் மரம், நடுவுல பச்சைப்பசேல்னு மைதானம். லைட் கெடையாது, அதனால சாயங்காலமே ஆரம்பிச்சு இருட்டறதுக்குள்ள முடிச்சாகணும். மாமா கேட் பக்கம் வந்ததும் பர்ஸ எடுத்துட்டார். "டிக்கெட் எங்க மாப்ள எடுக்கணும்?" டிக்கெட்டே கெடையாது மாமான்னா நம்பவே இல்ல. நடுவுல உண்டியல் மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல அஞ்சு டாலர் போட்டப்பறம்தான் அவருக்கு நிம்மதியா ஒக்கார முடிஞ்சுது.

இது ஏதோ ஊர்ப்பசங்க டோர்னமென்ட்னு நெனச்சுடாதீங்க, கேப் காட் பேஸ்பால் லீக்னு பேரு. மொத்தம் பத்து டீம், ஒவ்வொண்ணும் ஒரு சின்ன ஊரு பேருல, ஜூன் நடுவுலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆளுக்கு 40 மேட்ச் சொச்சம். வெளாடறவங்க அமெரிக்கா முழுக்க இருக்கற காலேஜ்லேர்ந்து பொறுக்கி எடுத்த பசங்க, சம்பளம் ஒரு பைசா கெடையாது. இங்கேர்ந்து மேஜர் லீக், அதாவது அமெரிக்காவோட டாப் புரொஃபஷனல் பேஸ்பாலுக்கு, போனவங்க ஆயிரத்துக்கும் மேல. யாங்கீஸ் டீமோட ஆரன் ஜட்ஜ் 2012-ல இங்க ப்ரூஸ்டர் டீம்ல வெளாடினவர், பத்து வருஷம் கழிச்சு ஒரே சீசன்ல 62 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார். அந்த மாதிரி ஆளுங்களை நீங்க வீட்லேர்ந்து எடுத்துட்டு போன மடக்கு சேர்ல ஒக்காந்து, பதினஞ்சடி தூரத்துல பாக்கலாம்.

கொடூயிட் டீம் பேரு கெட்டிலியர்ஸ். கெட்டில்னா நம்ம டீ கெட்டிலேதான். அந்த ஊரு நெலத்தையே பூர்வகுடிங்ககிட்டேர்ந்து ஒரு பித்தளை கெட்டிலும் ஒரு மம்பட்டியும் குடுத்து வாங்கினாங்கன்னு ஒரு கதை, அதுல வந்த பேரு. மாமா ரெவின்யூ டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டையர் ஆனவர், "பத்திரப்பதிவு ஆச்சாமா?"ன்னு மட்டும் கேட்டார்.

மூணாவது இன்னிங்ஸ் வரைக்கும் அவருக்கு போர்தான். அப்பறம் ஒரு பால், பேட்ஸ்மேன் ஒடம்புக்கிட்ட உள்ள வந்துச்சு, அவன் சுத்தினான், டப்புன்னு ஒரு சத்தம், பேட் பாதியா பொளந்து மேல் துண்டு பறந்து போய் பந்து போடற பிட்ச்சர் பக்கத்துல விழுந்துச்சு, பந்து மெதுவா உருண்டு ஃபர்ஸ்ட் பேஸ்ல அவுட். மாமா எந்திரிச்சே நின்னுட்டார். "நம்மாளு எட்ஜ் வாங்கினா ஃபோர் போகுது, இங்க பேட்டே போகுதே!"

இதுதான் இந்த லீக்கோட விஷயமே. காலேஜ்ல வருஷம் பூரா அலுமினியம் மாதிரி உலோக பேட்லதான் வெளாடறாங்க, அதுல கைப்பிடிக்கிட்ட பட்டாலும் பந்து எப்படியோ தாண்டி போய் விழுந்துடும், பேட்டும் ஒடையாது. மேஜர் லீக்ல மர பேட் மட்டும்தான். இந்த லீக் 1985-லேர்ந்து மர பேட்டுக்கு மாறிடுச்சு, அதனால காலேஜ்ல சும்மா வெளாசித் தள்ளின பையன் இங்க வந்ததும் மொத ரெண்டு வாரம் திணறுவான், அத பாக்கத்தான் ஹோம் பிளேட்டுக்கு பின்னாடி பெரிய டீமுக்கு ஆள் தேடற ஸ்கவுட்டுங்க பந்து வேகம் அளக்கற ஸ்பீட் கன்னும் நோட்டுமா ஒக்காந்திருக்காங்க. நான் பின்னாடி நின்னு ஒருத்தர் ஸ்பீட் கன்ன எட்டிப் பாத்தேன், மணிக்கு 95 மைல். நம்ம கணக்குல 153 கிலோமீட்டர். அதுவும் 60 அடி 6 அங்குலத்துலேர்ந்து, தரைல படாம நேரா. "எல்லாமே ஃபுல் டாஸ்தானே, என்ன கஷ்டம்"னு அதுவரைக்கும் சொல்லிட்டிருந்த மாமா அந்த நம்பர சொன்னதும் கம்முனு ஆயிட்டார்.

மேட்ச் முடிஞ்சதும் டக்அவுட் பக்கம் பசங்க கூட்டம். எங்க பொண்ணு ஒடைஞ்ச பேட்டோட கைப்பிடி துண்ட வாங்கிட்டு வந்துட்டா. சிம்பு சிம்பா இருந்துச்சு, கைல ஏறும்டின்னு வீட்டம்மா டவல்ல சுத்தி வெச்சாங்க.

ராத்திரி ஹயானிஸ்ல மோட்டல். வாடகைய பத்தி பேச வேணாம், வயிறு எரியுது.

மறுநாள் சாட்டம். இந்த டீம் முன்னாடி மேஜர் லீக் பேரு ஒண்ண வெச்சிருந்தாங்க, அத வெச்சுக்கணும்னா அவங்க லைசென்ஸ் குடுத்த கம்பெனில மட்டும்தான் யூனிஃபார்ம் வாங்கணும்னு கெடுபிடி வந்ததும் 2009-ல ஆங்லர்ஸ்னு மாத்திட்டாங்க. தூண்டில்காரங்க. மீன்பிடிக்கிற ஊருக்கு இதுதான் பொருத்தம், பழைய பேரு போனதே நல்லது.

எங்க பக்கத்துல ஒரு எழுபது வயசு பாட்டி, மடில கம்பளி. ஒரு பையன் பேட் புடிக்க வந்ததும் "என் பையன்"ன்னாங்க. பேரனான்னு கேட்டேன். சிரிச்சாங்க. டெக்சாஸ் பையன், ஜூன்லேர்ந்து அவங்க வீட்டு மாடில தங்கியிருக்கான். இந்த பசங்களுக்கு ஹாஸ்டல் கெடையாது, ஊர்க்காரங்கதான் ஆளுக்கு ஒண்ணு ரெண்டுன்னு வீட்ல வெச்சுக்கறாங்க. காலைல நாலு முட்டை, ராத்திரி மேட்ச் முடிஞ்சு பத்தரைக்கு திரும்ப சாப்பாடு, வாஷிங் மெஷின் ஓயறதே இல்லன்னு அலுத்துக்கிட்டாங்க, அலுப்புல பெருமைதான் ஜாஸ்தி. போன வருஷ பையன், மேஜர் லீக் டீமுங்க புதுசா ஆள் எடுக்கற டிராஃப்ட்ல ஜூலைல அவன எடுத்ததும் சீசன் பாதிலயே பெட்டிய கட்டிட்டான், வாங்கி வெச்ச பாலு ரெண்டு கேன் அப்படியே கெட்டுப்போச்சாம். இவனும் போயிடுவானான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வீட்டம்மா கைய கிள்ளினாங்க.

ஏழாவது இன்னிங்ஸ்ல கடல்லேர்ந்து பனிமூட்டம் ஏறுச்சு. சாட்டம் கிரவுண்டுக்கு இது வழக்கமாம். மொதல்ல லைட்டு மங்குச்சு, அப்பறம் தூரத்துல நின்ன மூணு ஃபீல்டருங்க ஒவ்வொருத்தரா காணாம போனாங்க, ஒரு பந்து மேல போச்சு, எங்க வந்து விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியல, கூட்டம் பூரா ஒரே சிரிப்பு. அம்பயர் எல்லாரையும் உள்ள கூப்பிட்டுட்டார். அரை மணி நேரம் பாத்துட்டு மேட்ச்ச அப்படியே நிறுத்திட்டாங்க.

டெக்சாஸ் பையன் பாட்டிக்கிட்ட வந்தான். ஆறடி ரெண்டு இருப்பான், கிட்டக்க பாத்தா மொகம் பத்தொம்பது வயசு. எங்க பொண்ணு கைல இருந்த துண்டு பேட்ட பாத்துட்டு வாங்கி, அதுல பாதி ஒடைஞ்சு நின்ன லேபிள காட்டி, அடிக்கறப்ப இது வானத்த பாத்து இருக்கணும், இல்லன்னா மரத்தோட வீக்கான பக்கம் பந்துல படும், இப்படித்தான் ஆகும்னு சொல்லிக் குடுத்தான். நான் மாமாவுக்கு தமிழ்ல சொன்னேன்.

"நம்ம ஊர்ல ஸ்டிக்கர் டிவில தெரியணும்னு புடிப்பான்"னார் மாமா.

பையன் பாட்டியோட நாற்காலிய மடக்கி ஒரு தோள்ல, கிட் பேக் இன்னொரு தோள்ல போட்டுக்கிட்டு கார் பார்க்கிங் பக்கம் நடந்தான். பத்தடி போனதும் ரெண்டு பேரும் தெரியல, முட்டை தீந்து போச்சு, போற வழில வாங்கணும்னு பாட்டி சொன்னது மட்டும் கேட்டுச்சு.