எதைப் போட?

“அண்ணா, பழைய சப்மிட்டுக்குப் பதிலா இப்ப ரெண்டு பேரு இருக்கு. ஷெட்யூல், ரீஷெட்யூல். எதைப் போட?”

“ஷெட்யூல் போட்டுரும்மா. அதான் நேரா வருது.”

கோட் ரிவ்யூவில் நடந்த பேச்சு இவ்வளவுதான். எங்கள் கோடில் பழைய சப்மிட் இருந்த 37 இடங்களுக்கும் சேர்த்து ஒரு கேள்வி, ஒரு பதில். கேட்டவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர். பதில் சொன்னதும், கேள்வியை ‘ரிசால்வ்ட்’ என்று மூடியதும் நான். அந்தப் பதில் தவறு என்று பிறகு தெரிந்துவிட்டது. சரியான பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

ஸெஃபிர் என்பது சிறு கருவிகளுக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் 1.14 பதிப்பிலிருந்து 2.7-க்கு மாறுகிற வேலை அது. 1.14 முதல் எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்பு), 2019 ஏப்ரலில் வந்தது. 2.7 அடுத்த எல்டிஎஸ், 2021 அக்டோபரில். எல்டிஎஸ் விட்டு எல்டிஎஸ் தாவுகிறவர்களுக்கு இடையில் வந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மேலே விழும். 2.3-இல் டைம்அவுட்டின் வகை மாறியது. 2.4-இல் கெர்னலின், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியின், சொந்த முழுஎண் பெயர்கள் போய் சி மொழியின் வழக்கமான பெயர்கள் வந்தன. 2.6-இல் வொர்க் க்யூ, அதாவது பிறகு செய்ய வேண்டிய வேலைகள் (வொர்க்) காத்திருக்கும் வரிசை, மொத்தமாகத் திருப்பி எழுதப்பட்டது. நாங்கள் இடறியது அந்தக் கடைசி மாற்றத்தில்.

அந்த மாற்றம் தேவையானதுதான். பழைய டிலேய்ட் வொர்க்கை (சப்மிட் செய்தால் ஒரு தாமதத்துக்குப் பிறகு ஓடும் வேலை) கேன்சல் செய்தால் ஹேண்ட்லர், அதாவது அந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷன், அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதா, வரிசையில் நிற்கிறதா, முடிந்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கேன்சல் ஆகிவிட்டது என்று நம்பி நினைவகத்தை வேறு வேலைக்குக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருந்த ஹேண்ட்லர் அதில் எழுதிவிட்டுப் போகும். புதிய ஏபிஐ (கெர்னலைக் கூப்பிடும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒவ்வொரு வொர்க்குக்கும் ஓடுகிறது, வரிசையில் இருக்கிறது, தாமதத்தில் இருக்கிறது, கேன்சல் ஆகிக்கொண்டிருக்கிறது என்று தனித்தனிக் கொடி வைத்தது. ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்து திரும்பும் கேன்சல் ஒன்றையும் தந்தது. (அதை இன்டரப்டிலிருந்து, அதாவது ஹார்டுவேர் குறுக்கிடும்போது ஓடும் கோடிலிருந்து, கூப்பிடக் கூடாது. அதே ஹேண்ட்லருக்குள்ளிருந்து கூப்பிட்டால் தன்னைத் தானே எதிர்பார்த்து அப்படியே நின்றுவிடும்.) இவையெல்லாம் நல்லவை. குறையாகச் சொல்ல எதுவுமில்லை.

கூடவே பழைய ஒற்றைப் பெயர் இரண்டாகப் பிரிந்தது. பழைய சப்மிட்டை, தாமதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி கூப்பிட்டால், ஓடும் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கும். 50 மில்லிசெகண்டில் 30 போயிருந்தாலும் மறுபடி 50. புதிதில் இதைச் செய்வது ரீஷெட்யூல். ஷெட்யூல் அப்படியில்லை. வொர்க் ஏற்கெனவே தாமதத்திலோ வரிசையிலோ இருந்தால் எதையும் தொடாமல் திரும்பிவிடும். முதல் அழைப்பு வைத்த நேரமே நேரம்.

இரண்டுக்கும் வாதங்கள் ஒன்றே: ஒரு வொர்க், ஒரு டைம்அவுட். எதைப் போட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது.

37 இடங்களில் 24-இல் எதைப் போட்டாலும் வித்தியாசமில்லை. பூட் ஆனதும் ஒரே முறை ஓடுவது, அல்லது ஹேண்ட்லர் தன் முடிவில் தன்னையே மறுபடி போட்டுக்கொள்வது. ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்கை ஷெட்யூலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அவை பழையபடியே ஓடின. 12 இடங்கள் பழைய நடத்தையை நம்பியிருந்தவை. அவற்றிலும் பாதி தப்பித்தது. சப்மிட்டுக்கு முன் ஒரு கேன்சல் போடும் பழக்கம் எங்களில் சிலருக்கு இருந்தது. தேவையில்லாத வரி என்று ரிவ்யூவில் நான் பல முறை சொன்னது. கேன்சலுக்குப் பிறகு வரும் ஷெட்யூல் புதிதாகத்தான் எண்ணும் என்பதால் அந்த வரி இருந்த இடங்கள் பிழைத்தன. பட்டன் டீபவுன்ஸும் (அழுத்தும்போது வரும் அதிர்வு அடங்கும்வரை காத்திருப்பது) பிழைத்தது. கடைசி அதிர்விலிருந்து 30 மில்லிசெகண்ட் எண்ணுவதற்குப் பதில் முதல் அதிர்விலிருந்து எண்ணியது. அதிர்வு 10-க்குள் அடங்கிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை.

பிழைக்காதது ஆர்எஸ்-485 ஃபிரேம் டைமர். மீட்டரோடு பேசும் சீரியல் வயரில் ஒரு செய்தி (ஃபிரேம்) முடிந்ததா என்று பார்ப்பது அது. 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்), 8-என்-1 (8 தரவு பிட்டோடு தொடக்க பிட் ஒன்று, முடிவு பிட் ஒன்று). ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 1.04 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பைட் வந்ததும் இன்டரப்டில் 50 மில்லிசெகண்ட் டைமரைத் திரும்பப் போடுவோம். 50 மில்லிசெகண்ட் அமைதி இருந்தால் ஃபிரேம் முடிந்தது என்று கணக்கு. ஷெட்யூல் வந்த பிறகு அந்த 50 முதல் பைட்டிலிருந்து ஓடியது. 50 மில்லிசெகண்டுக்குள் 49 பைட் வந்துவிடும். அதற்குக் குறைவான ஃபிரேம் முழுதாகவே கிடைக்கும். மேஜையில் நாங்கள் சோதித்த பதில்கள் 20 பைட். முன்பு கடைசி பைட்டுக்குப் பிறகு 50 காத்திருந்தது, இப்போது மொத்தமே 50. எனவே பதில் 20 மில்லிசெகண்ட் முன்னதாக வந்தது. “புது கெர்னல் வேகமா இருக்கு” என்று டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு நானும் சந்தோஷப்பட்டேன்.

சைட்டில் மீட்டரிடமிருந்து மொத்தப் பதிவு கேட்டால் 120 பைட் வரும். அது 49, 49, 22 என்று மூன்று துண்டாகி மூன்றுமே சிஆர்சியில் (செய்தி சேதமாகாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை) தோற்றன. திரும்பக் கேட்டாலும் அதே இடத்தில் வெட்டு. சிறிய கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் வருகிறது, பெரியது மட்டும் தவறுகிறது என்றால் இந்தத் தொழிலில் முதல் சந்தேகம் வயர் மேல்தான். கேபிள் மாற்றினார்கள், முனையில் 120 ஓம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், எர்த் பார்த்தார்கள். சிஆர்சி பிழை என்று லாக் சொல்லும்போது டைமரை யார் நினைப்பார்கள்?

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒரு தடயம் எங்கள் கையில் இருந்தது, அதை நாங்களே துடைத்தோம். பழைய சப்மிட் வெற்றி என்றால் 0 தரும். எங்கள் கோடும் 0 இல்லாவிட்டால் எரர் என்று லாக் போட்டது. புதிய ஷெட்யூல் புதிதாக வைத்தால் 1, ஏற்கெனவே இருப்பதால் எதுவும் செய்யாமல் விட்டால் 0. மாற்றிய முதல் நாளே லாக் முழுக்க ‘சப்மிட் தோல்வி: 1’. அதைப் பார்த்து எல்லா இடத்திலும் சோதனையை ‘பூச்சியத்துக்குக் கீழே’ என்று திருத்தினோம். திருத்தம் சரிதான். நெகட்டிவ் வந்தால்தான் உண்மையான பிழை. ஆனால் அந்த லாக்கைத் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பார்த்திருந்தால், சீரியல் டிரைவரிலிருந்து 20 பைட்டுக்கு ஒரே ஒரு ‘1’ வந்திருப்பது தெரிந்திருக்கும். மீதி 19 பைட்டுக்கு வந்தது 0. ‘நீ கேட்டதை நான் செய்யவில்லை’ என்று கெர்னல் 19 முறை சொல்லியிருக்கிறது. பழைய பழக்கத்தில் அதை நாங்கள் வெற்றி என்று படித்தோம்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டைம்அவுட் வகை மாறியபோது இப்படி நடக்கவில்லை. முன்பு வெறும் எண்ணாக இருந்ததை 2.3-இல் ஒரு ஸ்ட்ரக்ட் (எண்ணோடு கலக்காத தனி வகை) ஆக்கினார்கள். பழையபடி 100 என்று எழுதினால் கம்பைல் ஆகாது. மில்லிசெகண்டா, டிக்கா, மைக்ரோசெகண்டா என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று எழுதியாக வேண்டும். எரிச்சலான வேலை, ஆனால் தவறு உள்ளே நுழைய முடியாது. சத்தம் போடும் மாற்றம் அது. எனக்குப் பயம் சத்தம் போடாத மாற்றம்தான். யூஆர்ட்டின் (சீரியல் போர்ட்டின்) அசிங்க் ஏபிஐயில் ரிசீவ் டைம்அவுட் மில்லிசெகண்டிலிருந்து மைக்ரோசெகண்டுக்கு மாறியதே, அதுவும் இந்த ஜாதி. வகை அதே முழுஎண். 50 என்று எழுதி வைத்தவரின் கோட் அப்படியே கம்பைல் ஆகும், ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் டைம்அவுட் ஆகும். பெயர் நெருக்கமாக இருப்பதை வைத்து இரண்டு நொடியில் பதில் சொன்னது என் தவறு. அப்படிப் பதில் சொல்ல இடம் கொடுத்தது அந்த மாற்றத்தின் அமைப்பு.

இதை எழுதிவிட்டுப் படித்தால் சாக்காகத்தான் தெரிகிறது. ஷெட்யூல் என்ன செய்யும், ரீஷெட்யூல் என்ன செய்யும் என்று ஹெடர் ஃபைலிலேயே எழுதியிருக்கிறது. கேட்டவர் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டார். இரண்டும் வேறு என்று தெரிந்ததால்தான் கேள்வியே வந்தது.

அவசரமும் நாங்களே உண்டாக்கிக்கொண்டதுதான். 2.7-இல் பழைய சப்மிட் நீக்கப்படவில்லை, ‘டெப்ரிகேட்டட்’ (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறிக்கப்பட்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் உள்ளே ரீஷெட்யூலைக் கூப்பிட்டு, 1 வந்தால் 0 ஆக்கித் தரும் மெல்லிய உறை. எங்கள் பில்டில் எல்லா வார்னிங்கும் எரர் என்று வைத்திருந்ததால் அன்றே மாற்ற வேண்டியதாயிற்று. டெப்ரிகேட்டட் வார்னிங்கை மட்டும் எரராக்காமல் விடும் கம்பைலர் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, முதலில் கெர்னலை மட்டும் 2.7-க்கு மாற்றி, சைட்டில் ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு 37 இடங்களை ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கமிட்டாக மாற்றியிருக்கலாம். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் அடைத்தோம். பிழையைத் தேடி கிட் பைசெக்ட் (பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகத் தேடும் கருவி) ஓட்டியபோது அது நேராக வந்து அந்தக் கமிட்டைக் காட்டியது. அதற்குள் கெர்னல், டிவைஸ்ட்ரீ (ஹார்டுவேர் விவரிப்பு), டைம்அவுட், வொர்க் க்யூ எல்லாம் இருந்தன. பைசெக்ட் அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியாது.

கண்டுபிடித்ததும் 37-ஐயும் ரீஷெட்யூல் ஆக்கச் சொன்னேன். பழைய நடத்தை அப்படியே திரும்பிவிடும், யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அதற்குள் அந்த 37-ஆவது இடம் இருந்தது.

கேலிபரேஷன் மதிப்பு மாறினால் 5 விநாடி கழித்து ஃபிளாஷில் சேமிக்கும் வொர்க் அது. கேலிபரேஷன் நடக்கும்போது 3 விநாடிக்கு ஒரு முறை மதிப்பு மாறும். பழைய சப்மிட்டில் ஒவ்வொரு மாற்றமும் 5 விநாடியைப் புதிதாகத் தொடங்கியது. எனவே கேலிபரேஷன் ஓடும்வரை சேமிப்பே நடக்காது. நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பல வருடமாக இருந்த பிழை, ‘எப்போதாவது மதிப்பு போய்விடுகிறது’ என்ற புகாராக மட்டும் எங்களிடம் வந்துகொண்டிருந்தது. என் தவறான பதில் அதைச் சரி செய்திருந்தது. முதல் மாற்றத்திலிருந்து 5 விநாடியில் ஷெட்யூல் சேமித்துவிடும். அந்தப் புகார் சில மாதம் வராமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் திருப்பியதும் மறுபடி வந்தது.

அந்த ஒரு இடத்தில் ஷெட்யூலை விட்டிருக்கலாம் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் அதுவும் உறுதியில்லை. 3 விநாடிக்கு ஒரு மாற்றம், 5 விநாடி ஷெட்யூல் என்றால் 6 விநாடிக்கு ஒரு எழுத்து. நாள் முழுதும் அப்படியே ஓடினால் 14,400. என்விஎஸ்ஸில் (ஸெஃபிர் ஃபிளாஷில் மதிப்புகளைச் சேமிக்கும் முறை) 16 பைட் தரவுக்கு 8 பைட் குறிப்பு சேர்த்து 24. 4 கேபி செக்டரில் (ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதி) ஏறக்குறைய 170 எழுத்து. நான்கு செக்டர் ஒதுக்கினால் ஒவ்வொன்றையும் ஒரு நாளில் 21 முறை அழிக்க வேண்டும். இந்த வகை மைக்ரோகன்ட்ரோலர்களின் உள் ஃபிளாஷுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தாங்குதிறன் 10,000 அழிப்பு. ஒன்றேகால் வருடத்தில் தீர்ந்துவிடும். மதிப்பு மாறாவிட்டால் என்விஎஸ் எழுதாது. கேலிபரேஷனும் நாள் முழுதும் நடப்பதில்லை. ஆனால் ஒரு சென்சரின் அளவு நிலையில்லாமல் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தால்?

ரீஷெட்யூல் பழைய சப்மிட்டேதான் என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. தாமதம் முடிந்து, வொர்க் வரிசையில் ஏறி, க்யூ த்ரெட் (வரிசையில் உள்ளதை ஒவ்வொன்றாக ஓட்டுவது) வேறு வேலையில் இருப்பதால் காத்திருக்கிறது என்று வையுங்கள். 1.14-இல் அந்த நேரம் சப்மிட் செய்தால் வரிசையிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாக எண்ணும். ரீஷெட்யூல் வரிசையில் இருப்பதைத் தொடாது. அது ஓடும், பிறகு இன்னொரு முறையும் ஓடும். சிஸ்டம் வொர்க் க்யூ ஒரே த்ரெட். அதில் ஒரு டிரைவர் 20 மில்லிசெகண்ட் தூங்கினாலே இந்த இடைவெளி திறந்துவிடும். இப்போது ஃபிரேம் ஹேண்ட்லரில் கடைசி பைட் வந்த நேரத்தைச் சேமித்து வைக்கிறோம். ஹேண்ட்லர் எழுந்ததும் 50 மில்லிசெகண்ட் உண்மையாகவே ஆகிவிட்டதா என்று பார்க்கும், ஆகவில்லையென்றால் மீதி நேரத்துக்கு மறுபடி போட்டுவிட்டுத் திரும்பும். இப்படி எழுதியதும் உள்ளே இருப்பது ஷெட்யூலா ரீஷெட்யூலா என்பது முக்கியமில்லாமல் போனது. அன்று அவர் கேட்டபோது ‘இரண்டும் வேண்டாம், நேரத்தைப் பார்’ என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று சில நாள் நினைப்பேன். 37 இடத்துக்கும் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த மாற்றம் முடிந்தே இருக்காது என்று மறுநாள் நினைப்பேன். 24 இடத்துக்கு அது தேவையும் இல்லை.

ஃபிளாஷ் சேமிப்பு இப்போது ஷெட்யூல்தான், தாமதம் 60 விநாடி. கணக்குப்படி பத்து வருடத்துக்கு மேல் தாங்கும். ரிவ்யூவுக்கு அனுப்பியவர் அதே பெண்தான். இந்த முறை நான் 60 என்று சொல்ல, அவர் கேட்டது: “கேலிபரேஷன் முடிச்சதும் டெக்னீஷியன் எவ்வளவு நேரம் கழிச்சு பவரை எடுப்பாருன்னு தெரியுமாண்ணா?”

தெரியவில்லை. அந்தக் கேள்வியை மூடாமல் வைத்திருக்கிறேன்.