எத்தனை கட்டை?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கட்டை என்றால் கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேலம்தான் முதலில் நினைவுக்கு வரும். குட்டையான ஆளும் கட்டை, தடித்த குரலும் கட்டை. அதே ஊரில் நாடக மேடை ஏறினால் ஆர்மோனியக்காரர் கேட்பது: "எத்தனை கட்டை?"

இது ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் கட்டை. பாடகரின் ஆதார சுருதி எந்தக் கட்டையில் என்பதுதான் கேள்வி. வெள்ளைக்கு முழு எண், இடையில் வரும் கறுப்புக்கு ஒன்றரை, இரண்டரை என்று அரை. மேற்கத்தியப் பெயரில் சொன்னால் 'சி' ஒரு கட்டை, 'டி' 2, 'இ' 3, 'எஃப்' 4, 'ஜி' 5, 'ஏ' 6, 'பி' 7. மூன்றரை கிடையாது, 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்பே இல்லை. பலர் வழுக்குவது இங்கேதான். 2-லிருந்து 1-க்கு இறங்கினால் முழுச் சுரம் இறங்குகிறது. 4-லிருந்து 3-க்கு இறங்கினால் அரைச் சுரம்தான். 4-ல் தொண்டை கட்டும் பாடகருக்கு "ஒரு கட்டை இறக்கியாச்சு" என்று 3-ல் வைத்தால் பெரிதாக ஆறுதல் கிடைக்காது. இரண்டரைக்குப் போக வேண்டும்.

கட்டை என்பது சத்தத்தின் அளவு அல்ல. மைக்கை எவ்வளவு கூட்டினாலும் கட்டை ஏறாது. பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 வரை, பெண்கள் நாலரை முதல் 6 வரை பாடுவார்கள். 'கட்டைக் குரல்' என்றால் கீழே ஒலிக்கும் குரல். 'கட்டை ஏறுது' என்றால் மேலே போகிறது. ஒரே சொல், எதிரெதிர்த் திசை!

நாகஸ்வரத்தில் இது இன்னும் அழகு. பாரி, திமிரி என்று அதில் இரண்டு வகை. நீளமான பாரியில் சுருதி தாழ்வு. திமிரி நீளத்தில் கட்டை, அதாவது குட்டை. உள்ளே காற்று ஓடும் தூரம் குறைவதால் சுருதிக் கட்டை அதிகம்.

மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பதும் கட்டையால்தான். வலந்தலையின் (வலப்பக்கத் தோல் முகம்) மூட்டின், அதாவது விளிம்பைச் சுற்றிய தோல் பின்னலின் மேல் சிறு மரக்கட்டையை வைத்துக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் அடிக்காமல் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றி வரவேண்டும், இல்லையென்றால் ஒரு ஓரம் ஒன்று பேசும், மறு ஓரம் வேறு பேசும். ஒரு கட்டைக்கு மூட்டியதை 2-க்கு இழுத்தால் தோல் கிழியக்கூடும். தொண்டி, தேவிபட்டினம் மாதிரி ஊர்களில் ராத்திரி ஏற ஏறக் கடல் ஈரத்தில் தோல் தளரும், சாயங்காலம் சேர்த்த சுருதி நிற்காது. பாட்டுக்குப் பாட்டு ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.