எங்கள் வீட்டுப் பூச்சாடியில் இலைக்குத்தான் வேலை அதிகம்

பொரளை கனத்தை மயானத்துக்குப் பக்கத்துப் பூக்கடைகளில் மலைநாட்டு ரோசா வாங்கி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தால், இரண்டாம் மூன்றாம் நாளே கழுத்தைத் தொங்கப்போட்டுவிடும். குளிரில் வளர்ந்ததைக் கொழும்பு வெக்கையில் வைத்தால் அது வேறென்ன செய்யும்? காசு கொடுத்து அந்தச் சோகத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை. வளவில் நிற்பதை வெட்டி வைப்பதோடு சரி.

வளவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மதில் ஓரமாக ஒரு நீளத் துண்டு. இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டதால் வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ரோசாவுக்கு அது போதாது. அந்தூரியத்துக்கோ அதுதான் சொர்க்கம்.

கொழும்பில் பூ வெட்டி வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே சாடியில் நின்று பிடிக்கிற பூவில் பாதி, பூவே இல்லை. அந்தூரியத்தில் சிவப்பாகப் பளபளக்கிறது ஒரு இலைதான். உண்மையான பூக்கள் நடுவில் நிற்கும் குச்சியில் பொடிப்பொடியாக இருக்கின்றன. ஹெலிகோனியாவில் கிளிமூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் மடல்களும் அப்படியே, உருமாறிய இலைகள். மெல்லிய இதழ் ஒரு நாளில் சோர்ந்துவிடும், இலை தாங்கும். அந்தூரியம் இரண்டு கிழமைக்குக் குறையாமல் நிற்கும். போகன்விலாவில் நிறமாகத் தெரிவதும் இலைதான், ஆனால் அதைச் சாடியில் வைத்தால் மறுநாள் மேசையெல்லாம் கடதாசித் துண்டு. மதிலிலேயே இருக்கட்டும்.

ஆகவே நான் முதலில் இலையைத்தான் வெட்டுவேன். விடிய, வெயில் ஏறமுதல், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு போக வேண்டும். இரவு முழுக்க நீர் குடித்துத் தண்டு விறைப்பாக இருக்கும் நேரம் அது. கூரான கத்தியால் சரித்து வெட்டி உடனே வாளிக்குள். மழுங்கின கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும், பிறகு தண்ணீர் மேலே ஏறாது. கடற்காற்றில் எங்கள் இலைகளில் உப்பு படிந்திருக்கும், ஈரத்துணியால் துடைத்தால்தான் நிறமே தெரியும். துடைப்பதில்தான் பாதிக் காலை போகிறது, எனக்கு அது பிடித்த வேலையும்கூட.

தண்டுகள் சாயாமல் நிற்க, வாயகன்ற மண்சட்டிக்குள் கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டிப் போடுவேன். பூக்குத்தக் கடையில் விற்கும் பச்சைப் பஞ்சு தேவையில்லை, அது உக்குவதுமில்லை. சட்டியின் விளிம்பில் ஒரு பெரிய மொன்ஸ்டெரா இலை சாய்ந்து கிடக்கும். பின்னால் உயரத்துக்குக் குரோட்டன் கிளை இரண்டு. இடையில் ரம்பை. ஆம், கறிக்குப் போடுகிற அதே ரம்பைதான். நீளமாக வெட்டி நுனியை மடக்கி அடியோடு சேர்த்துக் கட்டினால் அழகான வளையம். பக்கத்தில் போனால் மெல்லிய வாசமும் வரும். இவ்வளவும் நின்ற பிறகுதான் அந்தூரியம், மூன்று போதும், மூன்றும் மூன்று உயரத்தில், ஒன்றையொன்று பார்க்காமல்.

முதன்முதல் இதைப் பார்த்த மாமி, "ஏன் பிள்ளை, பூ வைச்சிருக்கிறியோ, ஆட்டுக்குக் குழை கட்டியிருக்கிறியோ?" என்று கேட்டா. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கண்ணுக்கு அது குழைதான், தப்பில்லை.

ஹெலிகோனியாவுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். வெட்டிய பிறகு அது மேலே விரியாது, ஆகவே வேண்டிய அளவுக்கு மரத்திலேயே விரியவிட்டு வெட்ட வேண்டும். தலையோடு வாளியில் முக்கி எடுக்காவிட்டால் எறும்பு முழுக்க வரவேற்பறைக்குக் குடிவந்துவிடும். நிமிர்ந்த வகையென்றால் மடலுக்குள் மழைத்தண்ணீரும் தேங்கியிருக்கும், கவிழ்த்து ஊற்றுங்கள்.

தண்ணீர் என்றதும் நுளம்பு. இந்த ஊரில் டெங்கை மறந்துவிட்டுப் பூ வைக்க முடியாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குடம்பி (நுளம்புப் புழு) கண்டால் தண்டம் கட்ட வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) எந்த நேரமும் கதவைத் தட்டலாம். முட்டை பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் காணாது, சட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இரண்டு நாளுக்கொருமுறை மாற்றினால் பூவுக்கும் நல்லது. தண்டை அடைப்பது அழுக்குத் தண்ணீரில் பெருகும் கிருமிதான். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை முன்பே உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது.

ஓர்க்கிட் வைப்பவர்களுக்கு ஒன்று: பழுத்த வாழைக்குலை தொங்கும் இடத்தில் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு ஓர்க்கிட்டைச் சீக்கிரம் வாட்டிவிடும். அலரியைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சாடியிலேயே வைக்க வேண்டாம். முழுச்செடியும் நஞ்சு, அது நின்ற தண்ணீரும் நஞ்சு.

செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் என் கத்திக்கு வருவதில்லை. நான் வாளியோடு இறங்கமுதலே மாமி அவற்றைச் சாமி அறைக்குக் கொண்டுபோயிருப்பா.